பாறையை விடாத நங்கூரம்

எங்கள் பட்டறை காரமடையிலிருந்து சிறுமுகை போகும் வழியில் இருக்கிறது. இரும்புக் கேட்டு, ஜன்னல் கிரில், மாட்டுக் கொட்டகைக்குத் தகரக் கூரை, போர்வெல் குழாய்க்குக் கிளாம்பு, இவைதான் எங்கள் வேலை. கடல் இங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு பகல் தூரம். நான் கடலைப் பார்த்ததே ஒரு தடவைதான், திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோது. அப்படிப்பட்டவன் படகுக்கு நங்கூரம் செய்தேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்.

பட்டறை என் மனைவியின் அண்ணனுடையது. நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ சேர்த்து. கல்யாணமான புதிதில் அன்னூர்ப் பக்கம் எங்கள் கிணறு வற்றித் தோட்டங்காடு விதைப்பில்லாமல் கிடந்தது. மச்சான் வந்து எங்களைக் கூட்டிப்போய்ப் பட்டறைக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெல்டிங் பிடிக்க அங்கேதான் பழகினேன். பிள்ளைகள் அந்த அறையில்தான் வளர்ந்தார்கள், படித்தார்கள், வேலைக்கென்று வெளியே போனார்கள். நாங்கள் இருவரும் அங்கேயே இருந்தோம்.

அறைக்குப் போகும் படி பட்டறைக்கு உள்ளே இருக்கிறது. ஷட்டரை இறக்கிவிட்டால் வெளியே போகப் பின்கதவு ஒன்றுதான். அது மச்சான் வீட்டு வாசலில் போய்த் திறக்கும். பொழுது சாய்ந்தால் அவர் அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

“எங்கீங்க மாப்ள, கெளம்பிட்டீங்க?”

“சும்மா கடை வரைக்குமுங்க மச்சான்.”

“என்ன வேணுமோ சொல்லுங்க, வாங்கியாரச் சொல்றேன். நீங்க எதுக்குங்க நடந்துட்டு?”

எனக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. சும்மா நடக்கத்தான் கிளம்பியிருப்பேன். அதைச் சொல்ல வாய் வராது. தீப்பெட்டி என்று எதையாவது சொல்லிவிட்டுத் திரும்பப் படியேறிவிடுவேன். எங்கள் அறையில் பிரிக்காத தீப்பெட்டிகள் எப்போதும் இருந்தன.

அவர் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூட அந்தக் கோபத்தில் போயிருப்பேன். உறவுக்காரர் முன்னால் என்னைத்தான் முதலில் உட்காரச் சொல்வார். என் இலையில் பரிமாறிய பிறகே தன் இலையைத் தொடுவார். அந்த மரியாதைக்கு நடுவே எந்தப் பக்கம் காலை எடுத்து வைத்து வெளியேறுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கூச்ச சுபாவக்காரன் வேறு. வாடிக்கைக்காரர் வந்து பேசினால் வெல்டிங் ஷீல்டை முகத்திலிருந்து எடுக்காமலேயே பதில் சொல்லுவேன்.

பவானிசாகர் அணைத் தண்ணீர் எங்கள் பட்டறையிலிருந்து வெகு தூரமில்லை. அங்கே மீன் பிடிக்கும் ஒருவர் தன் வண்டி ஸ்டாண்டை ஒட்ட வைக்க வந்தார். என்னைவிட இளையவர், ஓயாமல் பேசுகிறவர். நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவர் பாட்டுக்குப் பேசினார்.

“ஏனுங்ணா, உங்களுக்கு நங்கூரம் செய்யத் தெரியுங்களா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன், தெரியாதென்று.

“பாறை எங்க இருக்குதோ அங்கதானுங்ணா மீனு. ஆடிக் காத்துல படகு நிக்கறதில்லீங்க. கல்லக் கட்டிப் போட்டா பாறை மேல வழுக்கீட்டே போவுது. கொக்கி வெச்ச இரும்பப் போட்டா புடிச்சுக்குது, அப்பறம் வரவே மாட்டீங்குது. கயித்த அறுத்துப்போட்டு வந்தர்றோம். தண்ணிக்கடியில எங்களுக்குன்னு ஒரு இரும்புக்கடையே இருக்குதுங்க.”

பிறகு தன் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினார். எந்த நாடோ தெரியவில்லை. தாடி வைத்த ஒருவர் ஒரு குழாய்க்குள் கம்பிகளைச் செருகி, கீழே நீட்டிக்கொண்டிருந்த முனைகளைக் குடைக்கம்பி போல நாலு பக்கமும் வளைத்தார். பேச்சு புரியவில்லை, கை புரிந்தது. அந்தக் கம்பிகள் மெலிந்தவை. பாறை இடுக்கில் மாட்டும், படகை நிறுத்தும். கிளம்பும்போது பலமாக இழுத்தால் கம்பி நிமிர்ந்து இடுக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கையாலேயே திரும்ப வளைத்து மறுபடி போடலாம். அவ்வளவுதான் சங்கதி. பிடிக்கவும் வேண்டும், கேட்டால் விடவும் வேண்டும்.

மச்சான் மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அதைச் செய்து பார்த்தேன். முழங்கை நீளத்துக்குத் துண்டு ஜிஐ பைப், உள்ளே நாலு கம்பி, நகராமலிருக்க ஜல்லியும் சிமெண்டும் இடித்து நிரப்பி, தலையில் ஒரு வளையம். முதலில் போட்ட ஆறு எம்எம் கம்பி லேசாக இழுத்ததற்கே நிமிர்ந்துவிட்டது. பத்து எம்எம் நிமிரவேயில்லை. எட்டு எம்எம்தான் சரி என்று தோன்றியது, ஆனால் கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி முரடாக நின்றது. பழைய காலத்து வழவழ கம்பி தேவைப்பட்டது. உக்கடத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கும் பாய் ஒருவரிடம் போய்க் கேட்டேன். இடித்த வீட்டு ஸ்லாப்பிலிருந்து எடுத்த கம்பிக் கட்டு ஒன்றை அவர் காலால் தள்ளிக் காட்டினார்.

“இது கெழட்டுக் கம்பிங்க, கையாலயே வளையும். இத வெச்சு என்ன கட்டப் போறீங்க?”

“வளையறதுதானுங்க வேணும்.”

“வளையறதுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்” என்று அவர் சிரித்தார்.

அந்தக் கம்பியில் செய்த நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போன மீன்காரர் சில நாள் கழித்து வந்தார். நங்கூரத்தின் நாலு கம்பியும் துடைப்பம் போல நேராக நின்றன. வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே கத்தினார்.

“உட்ருச்சுங்ணா! பாறையில மாட்டுச்சு, பகல் பூராவும் அங்கயே நின்னேன். பொறவு கயித்தச் சுருக்கி முன்னாடி கட்டிப்போட்டு, நான் பின்னாடி போய் உக்காந்தேன் பாருங்க, ஒரு அலைக்கு முன்பக்கம் தூக்குச்சு, கறக்குன்னு உட்ருச்சு!”

என் கை செய்த எதையும் யாரும் அப்படிச் சந்தோஷமாகத் தூக்கிக் காட்டியதில்லை. கேட்டும் கிரில்லும் மாட்டிய பிறகு அதை யார் பார்க்கிறார்கள்?

அன்றே அவர் இன்னொன்றும் சொன்னார். படகுத்துறையில் முன்பு மீன் எடை போட்ட கொட்டகை ஒன்று காலியாகக் கிடக்கிறது. கரண்டு இருக்கிறது. “உங்க வெல்டிங் செட்டப் போட்டுக்குங்ணா. நங்கூரம், படகுக்கு வளையம், வலைக்குச் சட்டம்னு எங்க வேலையே வருசம் பூரா வரும். ஊட்டுக்காரம்மாவோட பக்கத்துலயே வாடகைக்கு இருந்துக்கலாம். ஆனா மீனுக்கு ஐஸ் போடற ஐஸ்பொட்டிக்காரரும் கேக்கறாருங்க. அமாவாசைக்குள்ள சொல்லிப்போடுங்க.”

நான் அந்தக் கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். மூன்று பக்கம் சுவர். தண்ணீர்ப் பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கொம்பில் எடைத்தராசின் கொக்கி மட்டும் தொங்கியது. அதற்கு ஷட்டர்கூடக் கிடையாது. அங்கே நின்றபோது யாரும் என்னை எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்கவில்லை. நான் இந்த வயதில் ஓர் இடத்துக்கு இவ்வளவு ஆசைப்படுவேன் என்று நினைக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“போலாமுங்க. எனக்கும் தண்ணியப் பாத்துட்டு இருக்க ஆசதான். ஆனா அண்ணங்கிட்ட நீங்கதானுங்க சொல்லோணும். நாஞ் சொன்னா அது சண்டையாப் போயிரும். அப்பறம் போறதுக்கும் ஊடில்ல, வாரதுக்கும் ஊடில்ல.”

“நானே சொல்றேன் அம்மணி.”

“எப்பங்க?”

“நாளைக்கு.”

அந்த நாளை வந்து வந்து போனது. “மச்சான், ஒரு விசயமுங்க” என்று ஆரம்பித்தால், “சாப்டீங்களா மாப்ள? மூஞ்சி வாடியிருக்குது பாருங்க, மொதல்ல சாப்பிடுங்க” என்பார். சாப்பிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தால் அவருடைய போன் அடிக்கும். அதைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனால் திரும்ப வர வெகு நேரமாகும். அவர் வேண்டுமென்று செய்தாரா என்று தெரியாது. எப்படியும் நான் பேசி முடிக்கும் வரை நிற்கக்கூடிய ஓர் இடத்தில் அவரை நிறுத்த என்னால் முடியவில்லை.

அதற்குள் மற்றப் படகுக்காரர்களும் நங்கூரம் கேட்டு வர, விஷயம் மச்சானுக்குத் தெரிந்தது. நான் செய்து வைத்திருந்த ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். ஒரு கம்பியை வளைத்தார். வளைந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

“இதென்னங்க மாப்ள, கோழிக்காலாட்டம் இருக்குது? நம்ம பட்டறைச் சாமானுங்களா இது?”

“நிமிரோணுமுங்க மச்சான். அப்பத்தான் பாறைய உட்டு வரும்.”

“நிமிர்ற நங்கூரம் எதுக்குங்க? அதுக்கு ஒரு கரும்பக் கட்டித் தொங்க உடலாமுங்களே.” அவர் தன் பகடிக்குத் தானே சிரித்தார். பிறகு அன்பாகத்தான் சொன்னார்: “நீங்க சும்மா இருங்க மாப்ள. நம்ம பேரு சொல்ற மாதிரி நானே ஒண்ணு செஞ்சு தாரேன்.”

செய்தார். பதினாறு எம்எம் முறுக்குக் கம்பி. கம்பிக்கும் பைப்புக்கும் நடுவே முக்கோணத் தகடு. அதைச் சுற்றிலும் வெல்டிங்கை மேலே மேலே ஏற்றியிருந்தார், எருமைச் சாணி வைத்தாற்போல. அவர் கை அப்படிப்பட்ட கையில்லை. அவருடைய வெல்டிங் தையல் போலிருக்கும். நான் கவனித்தேன், ஆனால் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். மேலே சிவப்பு ரெட்ஆக்சைடு அடித்து முடித்ததும் அதன் மேலேயே ஏறி நின்று காட்டினார். “ஆனையே இழுத்தாலும் நிமிராதுங்க!”

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் மாட்டப் போனால், தண்ணீர் மேலே வந்து கொட்டுவதைப் பார்க்காமல் கிணற்று மேட்டை விட்டு வரமாட்டோம். கேட்டு மாட்டினால் ஒரு தடவை சாத்தித் திறந்துதான் வருவோம். புதுச் சாமானென்றால் கற்பூரம் காட்டி எலுமிச்சை வைத்து, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே கைகழுவுவது. அதனால் நங்கூரம் பிடிப்பதைப் பார்க்க மச்சானே படகில் வருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அது.

பட்டறை லோடு ஆட்டோவை நான் ஓட்டினேன். கொஞ்ச காலமாக எங்கே போனாலும், “நீங்களே ஓட்டுங்க மாப்ள, நான் சும்மா உக்காந்து வாரேன்” என்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

துறையில் கற்பூரம் காட்டினோம். மீன்காரர் நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெரியவர் முன்னால் எதற்கு என்று அவர் அதைப் படகில் இறக்கி வைத்தார்.

“பொழுதோட கரையேறிரோணுமுங்க. அதுக தண்ணிக்கு வார நேரம்” என்று மட்டும் சொன்னார். அந்தக் கரையில் சாயங்காலம் யானைகள் இறங்கும்.

சின்ன ஃபைபர் படகு. துடுப்புதான். மூன்று பேர் உட்கார்ந்ததும் அதில் காலை நீட்ட இடமில்லை. பாறை இருக்கும் இடத்துக்கு வந்ததும் மச்சான் தன் கையாலேயே நங்கூரத்தை இறக்கினார். கயிறு ஓடி நின்றது. காற்று படகைத் தள்ளியது. கயிறு விறைத்துப் படகு ஒரு வெட்டு வெட்டி அசையாமல் நின்றது.

“பாத்தீங்களா!” அவர் தொடையில் தட்டிக்கொண்டார். “புடிச்சாப் புடிச்சதுதானுங்க!”

மீனும் நன்றாகத்தான் கிடைத்தது. மச்சான் தூண்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். வெயில் மலைப் பக்கம் சரிந்தபோது மீன்காரர் எழுந்து நங்கூரத்தை இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். வரவில்லை. துடுப்புப் போட்டு மறுபக்கம் போய் அங்கிருந்து இழுத்தோம். கயிற்றைச் சுருக்கி முன்னால் கட்டிவிட்டு மூவரும் பின்பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தோம். முன்பு கோழிக்கால் நங்கூரம் விட்டது அப்படித்தான். இது விடவில்லை. அலை வரும்போதெல்லாம் முன்பக்கம் கீழே இழுபட்டுத் தண்ணீர் உள்ளே அள்ளிக்கொண்டு வந்தது. அவசரமாகக் கயிற்றைத் தளர்த்தினோம்.

“அறுத்துரலாமுங்க” என்றார் மீன்காரர்.

“பூசை போட்ட சாமானுங்க!” மச்சான் பதறிவிட்டார். “மொத நாளே அறுத்து உட்டா பட்டறைக்கு ஆவுங்களா? சித்த இருங்க, காத்துத் திரும்புனா வந்துரும்.”

“அப்பச் சரிங்க, இங்கயே குடியிருந்துக்கலாம். மீனு இருக்குது, தண்ணி இருக்குது. உப்புத்தான் இல்லீங்க.”

நான் முங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கிணற்றில் பழகிய நீச்சல் எனக்கு உண்டு. “ஏனுங்ணா, கீழ பழைய ஊட்டுச் செவுரு, அறுந்த வலை, முள்ளுமரம் எல்லாங் கெடக்குது. நங்கூரத்துக்குத் தொணையா நீங்களும் அங்கயே இருக்கறீங்களா?” என்று மீன்காரர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

உட்கார்ந்திருந்தோம். காற்று திரும்பவில்லை. மச்சான் போனை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சிக்னல் இல்லை. திரும்பப் பைக்குள் வைத்தார். எனக்கும் அவருக்கும் முழங்கால் முட்டிக்கொண்டிருந்தது. இனி அவர் வாசலுக்குப் போக முடியாது. எனக்கும் ஏறிப்போகப் படி இல்லை. அதனால்தான் பேச்சு வந்திருக்க வேண்டும்.

“மச்சான், நான் தனியாப் பட்டறை போடலாம்னு இருக்கேனுங்க. இங்க தொறையில. ஒரு கொட்டாய் இருக்குது.”

அவர் கை தானாகப் போன் இருந்த பைக்குப் போனது. பாதியில் நின்றது.

“இத இங்க வெச்சுத்தான் சொல்லோணுமுங்களா மாப்ள?”

“வேற எங்க மச்சான் நின்னு கேட்டீங்க?”

நானா அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தோன்றியது. மீன்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படகில் தேங்கிய தண்ணீரை டப்பாவால் மெதுவாக இறைத்தார். தண்ணீர் அவ்வளவு இல்லை. ஆனாலும் இறைத்துக்கொண்டே இருந்தார்.

“நான் என்னங்க கொறை வெச்சேன்?”

“கொறை ஒண்ணுமில்லீங்க.”

“அப்பறம் என்னத்துக்குங்க?”

வருஷக்கணக்காக இதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் ஒரு குறையை என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. குறையில்லாத இடத்தை விட்டுப் போவதற்கு என்ன காரணம் சொல்வார்கள்? தீப்பெட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். பெரிய மனிதனிடம் சொல்லும் காரணமா அது?

“சும்மா போகோணும்னு இருக்குதுங்க” என்றேன்.

இறைக்கும் சத்தம் நின்றது. மீன்காரர் தாழ்ந்த குரலில், “வந்துருச்சுங்க” என்றார்.

கரையைப் பார்த்தேன். நாங்கள் கற்பூரம் காட்டிய அதே இடத்தில், மாலை வெயில் முழுதாக மேலே விழ, ஒரு கூட்டம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியது ஒன்று தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோப்பம் பிடித்தது. குட்டி ஒன்று அதன் காலுக்கிடையில் புகுந்து புகுந்து வந்தது.

மச்சானும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து.

“யாருங்க வந்தது?” என்றார். “பாரஸ்ட்டுக்காரங்களா?”

மீன்காரர் சிரிக்கப் போனார். பகடி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மச்சான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நானும் பார்த்தேன். அவர் கண்கள் நல்ல கண்களாகவே இருந்தன, பூ விழவில்லை, சிவக்கவில்லை. ஆனால் அவை யானைக்கு வெகு தூரம் தள்ளி எங்கேயோ பார்த்தன.

“ஆனைங்க மச்சான்” என்றேன்.

“ஓ.” அவர் தலையைத் தாழ்த்தி வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். “பெருசுங்களா?”

“பெருசுதானுங்க. எத்தன நாளா இப்பிடி?”

“ஒரு வருசம் இருக்குமுங்க. ஆர்.எஸ்.புரம் கண்ணாஸ்பத்திரில காட்டுனேன். உள்ளாற நரம்பு காஞ்சுட்டு வருதுன்னாங்க. ஆப்பரேசன் பண்ணியும் போனது வராதாம், இருக்கறதக் காப்பாத்திக்குங்கன்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. உங்க தங்கச்சிக்கும் தெரியாதுங்க.” தன் மனைவியைத்தான் அப்படிச் சொன்னார். “வெல்டிங் புடிக்கறப்ப ஒட்டுச்சா இல்லியான்னு தெரியறதில்ல. அதனால இன்னொருக்கா புடிக்கறது. அப்பறம் இன்னொருக்கா.”

சாணி போலிருந்த வெல்டிங் நினைவுக்கு வந்தது. லோடு ஆட்டோவும், தடவித் தடவிப் பார்த்த விரல்களும் நினைவுக்கு வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. கோபம்தான். இத்தனை வருஷம் சொல்லாத ஒன்றைச் சொல்லி முடித்தேன், அது தண்ணீரைத் தொடும் முன்னே இது வந்து விழுந்துவிட்டதே என்று.

“அதனாலயெல்லாம் நீங்க நிக்க வேண்டாமுங்க மாப்ள” என்றார் அவர். “போறதுன்னா போங்க. நான் எப்பிடியோ பாத்துக்குவேன்.”

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். போகக்கூடாது என்று பிடிவாதம் செய்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பிடிவாதம் செய்திருப்பேன்.

அதற்குள் காற்று இன்னும் ஏறிவிட்டது. ஓர் அலை முன்பக்கத்தை அமுக்கி, எங்கள் மூவரின் மடியிலும் தண்ணீரைக் கொட்டியது. மீன் கூடை மிதந்தது. மச்சான் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார், நகம் பதியும்படி. மீன்காரர் யாரையும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து முன்னால் தவழ்ந்து போனார்.

“பூசை…” என்றார் மச்சான்.

“பூசை உங்களுதுங்க, கயிறு என்னுதுங்க” என்று அறுத்துவிட்டார்.

படகு ஒரு குலுக்குக் குலுக்கிச் சுழன்று காற்றோடு போனது. யானைகள் இருந்த துறைக்குப் போக முடியாது. எதிர்க்காற்றில் துடுப்புப் போடவும் முடியாது. தள்ளியிருந்த சேற்றுக் கரை ஒன்றில் போய்ச் செருகினோம். நான் முதலில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று, மச்சானை இறக்கினேன். அவர் காலை வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் என் தோளை அழுத்திக் கேட்டார், “இங்கீங்களா? இங்கீங்களா?” என்று. முன்பெல்லாம் இப்படிக் கேட்காமல் எப்படிச் சமாளித்தாரோ. இனி மறைக்க வேண்டியதில்லை என்று ஆனதும் அவருக்கு ஒரே நொடியில் பார்வை இன்னும் குறைந்துவிட்டது போலிருந்தது.

அவரை ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டுப் படகை இழுத்துக் கட்டப் போனேன். மீன்காரர் என் அருகில் வந்தார். அவர் காதில் எல்லாமே விழுந்திருந்தது.

“கொட்டாய் விசயம் என்னங்ணா சொல்லட்டும்? நாளன்னிக்கு அமாவாச.”

நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை, தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். கேட்காதது போல இருப்பதற்கு அவ்வளவு கஷ்டப்படுகிற ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“ஐஸ்பொட்டிக்காரருக்கே குடுத்துரச் சொல்லுங்க.”

“ரோசன பண்ணித்தானுங்களே சொல்றீங்க?”

“ரோசன என்னங்க இருக்குது?”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் படகுக் கயிற்றை ஒரு வேருக்குச் சுற்றினார்.

இது நடந்து ஆறேழு மாதம் இருக்கும். வீட்டில் சொன்னபோது மனைவி அழுதாள். அண்ணனுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணியப் பாத்துட்டு இருக்கலாம்னு நெனச்சேனுங்க” என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது வெல்டிங் முழுதும் நான்தான். மச்சான் முன்னால் உட்கார்ந்து வந்தவர்களிடம் பேசுகிறார். மச்சானுக்குப் பேச வரும், எனக்கு வராது, அந்த வகையில் வசதிதான். நங்கூரம் கேட்டு இன்னும் ஆட்கள் வருகிறார்கள், கிழட்டுக் கம்பியில்தான் செய்கிறோம். கம்பி வளைப்பதற்குக் கண் தேவையில்லை என்று அவரே வந்து பைப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

முன்பெல்லாம் வேலைக்கு நடுவே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படி ஆரம்பிக்க வேண்டும், அவர் இப்படிக் கேட்டால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று. அது ஒரு துணையாக இருந்திருக்கிறது. இப்போது அதுவும் இல்லை. சொல்லியாகிவிட்டது, அவரும் போகச் சொல்லிவிட்டார், பிடித்து வைத்திருப்பவர் என்று யாருமில்லை. அந்த ஒத்திகை இல்லாமல் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் அவர் கம்பியை வளைத்தபடியே கேட்டார்.

“மாப்ள, அந்தக் கொட்டாய்ல இப்ப என்னங்க இருக்குது?”

“ஐஸ்பொட்டிங்க மச்சான்.”

“நல்லா ஓடுதுங்களா?”

“ஓடுதாமுங்க.”

அவர் அடுத்த கம்பியைத் தடவி எடுத்துப் பைப்புக்குள் செருகினார். நான் ஷீல்டை முகத்தில் இறக்கிக்கொண்டேன்.